பயாஸுக்கு வைத்த பொட்டு

அந்தச் சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் ரைஸ் குக்கரை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தேன். ரைஸ் குக்கர் மட்டுமல்ல, துணி துவைக்கும் மெஷின், இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுட வைக்கும் கேத்தல், எதையும். பிரிட்ஜை என்ன செய்வது என்று அதன் முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்து அதன் கதவில் சாய்ந்துகொண்டாள்.

"உள்ள மீன் இருக்கு. பிளக்கைப் புடுங்கினீங்க, ராத்திரிக்கு உங்களத்தான் பொரிக்கணும்."

"அஞ்சே நிமிஷம்தான்மா."

"அஞ்சு நிமிஷ வேலைக்கா காலையிலேருந்து நாலு தரம் சாமி மேடைக்குப் போயிட்டு வந்தீங்க?"

கேள்வி நியாயமானது. நான் மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துச் செனாயில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறவன். பஸ் அளவு பெரிய மெஷின்களைப் பிரித்துப் போட்டு, மூன்று திருகாணி மிச்சமாக மறுபடி பூட்டியிருக்கிறேன். அவை இன்றும் ஓடுகின்றன. அப்படிப்பட்டவன் சிம்பாங் ரெங்கத்தில் தன் வீட்டு வரவேற்பறையில் இருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பார்த்துப் பயப்படுகிறான் என்றால் காரணம் இருக்க வேண்டும் அல்லவா? இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் என்னுடையது அல்ல. அவளுடையது.

என் மனைவி கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறாள். அச்சடிப்பது வேறு ஒருவர். எழுத்தைக் கோத்து, பிள்ளையாரை மேலே உட்காரவைத்து, இரண்டு வீட்டுப் பெயர்களையும் சண்டை வராத வரிசையில் அடுக்கித் தருவது இவள். சுற்றுவட்டாரத்தில் பாதிக் கல்யாணங்கள் அந்தக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போயிருக்கின்றன. அதில் ஒரு தமிழ்த் தட்டச்சு மென்பொருள் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒருவரிடம் வாங்கியது. அவர் போனில் ஒரு நீண்ட எண்ணைச் சொல்லச் சொல்ல இவள் தட்டினாள். அந்த எண்ணால் மென்பொருளின் பூட்டு அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறக்கும். பிறகு அவர் கடையை மூடிவிட்டு எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. பத்திரிகைகளை நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மென்பொருள் இல்லாமல் வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் மணமகள் பெயர் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். மணமகன் கட்டம் கட்டமாக வருவார்.

அதாவது அந்தக் கம்ப்யூட்டர் செத்தால், அவளுடைய பதினான்கு வருட வேலையும் அதோடு பாடை ஏறும்.

இதெல்லாம் தெரிந்தும் நான் ஏன் கை வைத்தேன்? அது மிகவும் மெதுவாகிவிட்டது. படம் போட்ட ஒரு பத்திரிகை திறப்பதற்குள் அவள் ஒரு கூடைத் துணியை மடித்து முடித்துவிடுவாள். "நான் பார்த்துக்கிறேன்" என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையின் எல்லா விபத்துகளும் இந்த இரண்டு சொல்லில்தான் ஆரம்பித்திருக்கின்றன.

தொழிற்சாலையில் எலக்ட்ரிகல் பிரிவில் ஒரு சீனர் இருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் என்னை 'போஸ்' என்பார், நானும் அவரை 'போஸ்' என்பேன். எங்களை வேலை வாங்கும் உண்மையான போஸ் எங்கள் இருவரையும் வேறு மாதிரி அழைப்பார். அந்தச் சீனர் தன் வீட்டில் சும்மா கிடந்த ஒரு சிப்பை, கம்ப்யூட்டரின் மூளை என்கிறார்களே அதை, சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார். பழையதைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டினால் பறக்கும் என்றார். ஆனால் அதற்கு முன்னால் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். பயாஸ் என்பது பட்டனை அழுத்தியதும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் விழித்துக்கொண்டு, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பெயர் கூப்பிடும் சின்ன நிரல். அதன் பட்டியலில் புதுச் சிப்பின் பெயர் இல்லையென்றால் உள்ளே விடாது.

கேன்டீனில் உட்கார்ந்து அவர் விரல் மடக்கிச் சொன்னார். முதலில் எல்லாவற்றையும் நகல் எடு. உன் போர்டுக்கு, அதாவது சிப்பெல்லாம் பதித்திருக்கும் அந்தப் பலகைக்கு, உரிய கோப்பைத்தான் எடுக்க வேண்டும், தம்பி போர்டு, அண்ணன் போர்டு எல்லாம் ஆகாது. கரண்டு போகக் கூடாது. ஆரம்பித்த பிறகு தொடக் கூடாது.

"தொட்டா?"

"தொட்டா அது கம்ப்யூட்டர் இல்ல லா போஸ், கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்."

மதியம் இடி இடிக்காத நாள் ஜோகூரில் ஏது என்பதால், தன்னுடைய யூ.பி.எஸ். பெட்டியையும் இரவல் கொடுத்தார். பெரிய பேட்டரி, கரண்டு போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஆக, நான் ஒன்றும் முட்டாள்தனமாக இறங்கவில்லை. நகல் எடுத்தேன், ஒன்றுக்கு இரண்டாக. பென்டிரைவைத் துடைத்துச் சுத்தமாக்கினேன். யூ.பி.எஸ்.ஸை இரவெல்லாம் சார்ஜ் ஏற்றினேன். அதற்கு மேலும் பயம் போகாததால்தான், எங்கே ஃபியூஸ் போய்விடுமோ என்று ரைஸ் குக்கர் வரை போனேன்.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, போர்டின் பெயரைப் படித்தேன். நடுவில் பெரிய எழுத்தில் இருந்தது. தயாரிப்பாளரின் இணையப் பக்கத்துக்குப் போனால் அதே பெயரில் இரண்டு வரிசைக் கோப்புகள். முதல் பதிப்புக்கு ஒன்று, இரண்டாம் பதிப்புக்கு ஒன்று. பதிப்பு எண் போர்டின் கீழ் மூலையில் அச்சிடப்பட்டிருக்கும் என்று படம் போட்டுக் காட்டியிருந்தார்கள்.

கீழ் மூலையைப் பார்த்தேன். அங்கே சந்தனம் இருந்தது.

இதற்கு நான்தான் காரணம். எங்கள் தெருவில் ஆயுத பூஜைக்கு லோரி, காடி, புல்வெட்டும் மெஷின் என்று ஓடுகிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். கம்ப்யூட்டருக்கும் வைப்போம். எல்லாரையும் போல வெளியே பெட்டியில் வைத்துவிட்டுப் போகாமல், "பெட்டி வெறும் சட்டைம்மா, உடம்பு உள்ள இருக்கு" என்று தகட்டைக் கழற்றி, போர்டில் காலியாகத் தெரிந்த மூலையில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் ரசித்தேன். அடுத்த வருடமும் அதே இடத்தில், அதன் மேலேயே. அப்படி ஏழு வருடம். இப்போது அந்த மூலையில் காய்ந்து வெடித்த ஒரு சின்னக் குன்று இருந்தது.

சுரண்டியிருக்கலாம். ஆனால் பூஜைப் பொட்டை நகத்தால் சுரண்டக் கை வரவில்லை. கூடவே போர்டில் ஏதாவது கீறல் விழுந்துவிட்டால் என்ற பயம். அதனால் அறிவைப் பயன்படுத்தினேன். இந்தப் போர்டு கடைக்கு வந்த புதிதிலேயே வாங்கியது என்று ஞாபகம். புதிதில் வந்தது என்றால் முதல் பதிப்பு. ஆகவே முதல் கோப்பு. எவ்வளவு நேர்த்தியான தர்க்கம்! தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் இப்படிச் சொல்லியிருந்தால் அவனுக்கு ஒரு வாரம் தரை கூட்டும் வேலை கொடுத்திருப்பேன்.

மூன்றரை மணிக்கு ஆரம்பித்தேன். நாலரைக்குச் சிகாமட்டிலிருந்து ஒரு அம்மா, மகளுடைய கல்யாணப் பத்திரிகையைத் திரையில் பார்த்துச் சரி சொல்ல வருவதாக இருந்தது. திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய பத்திரிகை. ஐந்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன், வேறென்ன வேண்டும்?

திரையில் 'நிச்சயம்தானா?' என்று கேட்டது. கல்யாணத்தில்கூட என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆமாம் என்று அழுத்தினேன். ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக ஊர ஆரம்பித்தது. பத்து சதவீதம். பதினெட்டு. இருபத்தைந்து.

அப்போதுதான் செம்பனைத் தோட்டத்துப் பக்கமிருந்து முதல் இடி. அடுத்து மழை. அடுத்து மின்விசிறி நின்றது.

யூ.பி.எஸ். 'பீப்' என்றது. நான் அதைவிடச் சத்தமாக ஏதோ சொன்னேன். வீடு இருண்டு போனது. இந்தத் திரையில் மட்டும் வெளிச்சம். நீலக் கோடு ஒன்றும் நடக்காததுபோல் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தாயா, தயாராக இருந்தேன்! என் முதுகை நானே தட்டிக்கொள்ளக் கை எட்டவில்லை, அவ்வளவுதான்.

சும்மா இருந்திருக்கலாம். எனக்குச் சும்மா இருக்க வராது. கைப்பேசி விளக்கைப் போட்டுத் திறந்திருந்த பெட்டிக்குள் அடித்தேன். சந்தனக் குன்றின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஓர் எழுத்தின் கால் தெரிந்தது. தொடக் கூடாது என்பது தெரியும். மேசையில் பல் குத்தும் குச்சி இருந்தது. மரம், காய்ந்தது, மின்சாரம் பாயாது என்று இருபத்திரண்டு வருட அனுபவம் சொன்னது. மெல்ல, மிக மெல்ல, ஓரத்தில் ஒரு நெம்பு. சந்தனச் சில்லு ஒன்று கழன்று விழுந்தது.

இரண்டு. புள்ளி. பூஜ்யம்.

திரையில் அறுபத்திரண்டு சதவீதம்.

நிறுத்தினால் செத்துவிடும். விட்டாலும் செத்துவிடும். அண்ணனுடைய மூளையைத் தம்பியின் தலைக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறேன், பாதிக்கு மேல் ஊற்றியாகிவிட்டது. இரண்டுக்கும் பெயர் ஒன்று என்பதால் அந்த நிரலும் பெயரை மட்டும் பார்த்து உள்ளே விட்டிருக்கிறது. நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். வரவேற்பறையில் இங்கிருந்து அங்கே நடந்தேன். ஒரு கட்டத்தில் யூ.பி.எஸ்.ஸைக் கும்பிட்டேன், எதற்கு என்று இப்போதும் தெரியவில்லை. எழுபது. எண்பத்தொன்று. தொண்ணூற்றாறு. நூறு.

கம்ப்யூட்டர் தானாக அணைந்து, தானாக மறுபடி எழுந்தது. உள்ளே காற்றாடி சுழன்றது. திரை கறுப்பு. இன்னும் கறுப்பு.

பீப் சத்தம் கேட்டு மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க, கரண்டு போனதுல இதுவும் போச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பழியை இடி மேல் போட்டிருக்கலாம், அது வந்து மறுக்கப் போவதில்லை. வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு ஒரு ஜோக் வரும். காடி நடுச் சடக்கில், லோரிகளுக்கு நடுவே நின்றபோது வந்திருக்கிறது, என் மாமனார் காலில் பூந்தொட்டியைப் போட்டபோதுகூட வந்திருக்கிறது. அன்று உண்மைதான் வந்தது.

"கரண்டு இல்லம்மா. நான் தப்பான கோப்பைப் போட்டுட்டேன்."

"எப்படித் தப்பாச்சு? படிச்சுப் பார்த்துத்தானே போட்டீங்க?"

"நம்பர் பொட்டுக்கு அடியில இருந்துச்சு."

"எந்தப் பொட்டு?"

"நான் வச்ச பொட்டுதான்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுத்தெல்லாம் போயிருச்சா?"

"தெரியல."

இவ்வளவு சின்னப் பதிலை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை.

அவளுடைய கைப்பேசி அடித்தது. சிகாமட் அம்மா. சத்தமாகப் பேசுகிறவர், எனக்கும் கேட்டது. "தங்கச்சி, யோங் பெங் தாண்டிட்டேன் மா, மழை கொட்டுது. கார்டு ரெடியா இருக்கா?"

"மெதுவா வாங்கக்கா," என்றாள் இவள். ரெடி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

நான் போஸைக் கூப்பிட்டேன். எங்கள் பேச்சு பாதி மலாய், பாதி ஆங்கிலம், கொஞ்சம் ஹொக்கியன் சீனம். விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் சிரித்தார்.

"அலமாக்! சாமி பொட்டா? நல்லா மறைச்சிருக்கு லா உங்க சாமி." பிறகு குரல் மாறியது. "ஆஃப் பண்ணிட்டியா?"

"இல்ல."

"பண்ணாத. அந்தக் கம்பெனி போர்டுல சிலதுல ரெண்டு பயாஸ் சிப் இருக்கும். ஒண்ணு மெயின், ஒண்ணு ஸ்பேர். மெயின் கெட்டுச்சுன்னா ஸ்பேர் எழுந்து அதைச் சரி பண்ணும். சில சமயம் ரொம்ப நேரம் ஆகும். தொடாத."

"என் போர்டுல ரெண்டு இருக்கா?"

"அத நான் எப்படிப் பார்க்கிறது, போன்லயா? காத்திரு."

காத்திருப்பது. எனக்கு மிகவும் பிடித்த வேலை. விளக்கை அடித்து இரண்டாவது சிப்பைத் தேடலாம் என்று குனிந்தேன். அவள் என் சட்டைக் காலரைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"தொடாதேன்னு சொன்னாரா இல்லையா?"

"பார்க்கத்தான் போறேன்."

"நீங்க பார்த்தாலே அது கெட்டுப் போகும். உக்காருங்க."

உட்கார்ந்தேன். அப்போது யூ.பி.எஸ்.ஸின் தாளம் மாறியது. அதுவரை நிதானமாக ஒவ்வொன்றாக அடித்த பீப், இரண்டிரண்டாக அடிக்க ஆரம்பித்தது. பேட்டரி இறங்குகிறது என்று அர்த்தம். வெளியே மழை விடுவதாக இல்லை. கரண்டு வருவதாகவும் இல்லை. ஸ்பேர் எழுந்து பாதியில் இருக்கும்போது பேட்டரி தீர்ந்தால்? நான் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தத் திரை எவ்வளவு கரண்டு சாப்பிடும்?"

"அது… பழைய திரை. நல்லாவே சாப்பிடும்."

"கறுப்பாத்தானே இருக்கு? அணைச்சா என்ன?"

மெயின்டனன்ஸ் பிரிவின் மூத்த தொழில்நுட்பவியலாளருக்கு இது தோன்றவில்லை. அவளே எட்டித் திரையை மட்டும் அணைத்தாள். இரண்டிரண்டாக அடித்த பீப் மறுபடி ஒவ்வொன்றானது.

அதன் பிறகு எங்களுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. இருட்டில் பெட்டியின் முகப்பில் ஒரு சின்ன விளக்கு, உள்ளே காற்றாடியின் ஓசை. நோயாளியின் அறைக்கு வெளியே உட்கார்ந்ததுபோல் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். நான் கால் ஆட்டினேன். அவள் என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். பாசம் இல்லை, ஆட்டத்தை நிறுத்த.

"பதினாலு வருஷம்ங்க," என்றாள் மெதுவாக. "நான் போட்ட முதல் கார்டு என் தங்கச்சியோடது. இன்னும் அதுக்குள்ளதான் இருக்கு."

எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் கை வைத்திருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசை. வைத்திருப்பேன்.

காற்றாடி நின்றது.

அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். ஒரு நொடி, இரண்டு நொடி. மறுபடி சுழன்றது. நின்றது. சுழன்றது. அவள் திரையைப் போட்டாள். வெள்ளை எழுத்து: முதன்மை பயாஸ் கெட்டுப்போயிருக்கிறது, மாற்று பயாஸிலிருந்து மீட்கப்படுகிறது, அணைக்காதீர்கள். அதற்குக் கீழே மறுபடியும் ஒரு சதவீதக் கணக்கு.

நான் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டேன். "நீயே படி, எனக்கு வேணாம்."

"நாப்பது… நாப்பத்தெட்டு… திரும்பாதீங்க… அறுவது."

அறுபத்திரண்டைச் சொன்னபோது நெற்றியைச் சுவரில் முட்டுக் கொடுத்துக்கொண்டேன். நூறு என்று அவள் சொன்ன குரலில் நம்பிக்கை இல்லை. பிறகு கம்ப்யூட்டர் எழும் அந்தப் பழைய ராகம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் அதற்குள் நாற்காலியை முன்னால் இழுத்து, அந்தத் தமிழ் மென்பொருளைத் திறந்துகொண்டிருந்தாள். எப்போதும்போல மெதுவாகத் திறந்தது. வெள்ளைப் பக்கத்தில் 'திருநிறைச்செல்வி' என்று தட்டினாள். கட்டம் வரவில்லை, கேள்விக்குறி வரவில்லை. எழுத்து எழுத்தாக வந்தது. அதை அழித்துவிட்டு மறுபடி தட்டிப் பார்த்தாள்.

கரண்டு ஐந்து மணிக்கு வந்தது. சிகாமட் அம்மா அதற்குச் சற்று முன்னால் நனைந்தபடி வந்து, பேட்டரியின் கடைசிச் சொட்டில் பத்திரிகையைப் பார்த்து, "தாய் மாமன் பேரு ரொம்பக் கீழ இருக்கே தங்கச்சி, மனுஷன் தாலி கட்டுற நேரத்துல எழுந்து போயிடுவாரு" என்றார். இவள் மாமனை இரண்டு வரி மேலே ஏற்றினாள். கல்யாணம் காப்பாற்றப்பட்டது.

அவர் போனதும் எனக்குத் தைரியம் திரும்பிவிட்டது. இந்தக் குணத்துக்கு மருந்து கிடையாது.

"இந்தாம்மா, இப்ப பதிப்பு ரெண்டுன்னு தெரிஞ்சிருச்சு. சரியான கோப்பு போட்டா அஞ்சே நிமிஷம். அப்புறம் புதுச் சிப்பு…"

அவள் கையில் அந்தப் பிளாஸ்டிக் டப்பா இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கவா? அந்தப் பூட்டு இந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தானே?"

"ஆமா."

"மூளையை மாத்திட்டா, இது அதே கம்ப்யூட்டர்தான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

டப்பாவை வாங்க நீட்டிய கையைப் பாதியில் இறக்கினேன். தொழிற்சாலையில் எந்த மெஷினில் எந்த உறுப்பை மாற்றினாலும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: நிரல் இதை ஏற்குமா? வாரம் ஒரு தரமாவது நானே கேட்கிறேன். சரியான கோப்பைப் போட்டு, சிப்பைப் பூட்டி, எல்லாம் முறைப்படி முடிந்து, நான் மார் தட்டிக்கொண்டு நிற்கும்போது அந்த மென்பொருள் அவளை 'யார் நீ?' என்று கேட்டிருக்கலாம். கேட்காமலும் இருந்திருக்கலாம். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்.

"நீங்க யாருகிட்டயும் கேக்கலையா?"

"கேக்க ஆளு இல்லையேம்மா."

"அதான் நானும் சொல்றேன்."

டப்பாவை என் மதியச் சாப்பாட்டுப் பையில் அவளே வைத்தாள். திங்கட்கிழமை சிப்பையும் யூ.பி.எஸ்.ஸையும் போஸிடம் திருப்பிக் கொடுத்தேன். சரியாச்சா என்றார். எழுந்திருச்சு என்றேன். பறக்குதா என்றார். நடக்குது என்றேன்.

பெட்டியின் தகட்டை அவள் முன்னால் வைத்துத்தான் பூட்டினேன், நான்கு திருகாணியும் மிச்சமில்லாமல். முடிந்ததும் கையை நீட்டினாள். ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தேன். அது இப்போது அவளுடைய மேசை இழுப்பறையில், பத்திரிகை மாதிரிகளுக்கு அடியில் இருக்கிறது. வேண்டுமென்றால் எதற்கு என்று சொல்லிக் கேட்க வேண்டும். நேற்று கேட் தாழ்ப்பாள் ஆடுகிறது என்று கேட்டேன். எழுந்து போய் கேட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் தந்தாள்.